அம்புக்குறி

போனஸ் கைக்கு வந்த மறுநாள்
அவிநாசி ரோட்டு மாடிக்கடையில்
அந்தப் பெட்டி ஏழு நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.
"ரெடிமேடுங்க்கா. பூட்டி, சோதிச்சு வந்தது.
ப்ளக்கைச் சொருகினா ஆட்டந்தான்" என்றான்
கடைப் பையன் சிபி,
கண்ணாடிப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டே.

ரெடிமேடு.
அந்தச் சொல்லை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.
பதினொரு வருசமாய் நான் செக்கிங் டேபிள்.
டியூப்லைட்டுக்குக் கீழே
நாளைக்கு அறுநூறு பனியனை
உள்ளே வெளியே புரட்டிப் பார்க்கிறவள்.
முன்பக்கம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.
முன்பக்கம் விற்பதற்கு.

"கொஞ்சம் திருப்புங்க."
"எதைங்க்கா?"
"பெட்டியை. முதுகுப்பக்கம் கழட்டுங்க."

உள்ளே
கேபிளையெல்லாம் சுருட்டித் திணித்திருந்தார்கள்,
கப்பல் தேதி நெருங்கிய பீஸில்
பிசிறு நூலை மடிப்புக்குள் ஒளிப்பதுபோல.

என் கைப்பையில் எப்போதும் கிடக்கும்
சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் தாள்.
குறை எங்கேயோ அங்கே ஒட்டுவோம்,
தையல்காரர் தேடக்கூடாதென்று.
ஒன்றை உரித்து ஒட்டினேன்.
பையன் முகம் சுருங்கியது.

கிராபிக்ஸ் கார்டு பேர் போனது.
விலையில் பாதி அதற்குத்தான்.
மெமரி ஒற்றைக் குச்சி, பக்கத்தில் காலி இடம்:
ஒரு கை மட்டும் வைத்துத் தைத்த சட்டை. அம்பு.
காத்தாடி மூன்று சுற்றுகின்றன;
முன்முகமோ வழவழவென்று மூடிக்கிடக்கிறது.
எங்கிருந்து இழுக்கும் காற்றை? அம்பு.

"பவர் சப்ளையைக் கழட்டுங்க."
"வாரண்டி போயிருமுங்க்கா."
"போனாப் போகுது, இன்னும் என்னுதாகலையே."
எண்ணூறு வாட் என்று எழுதியிருந்தது.
கையில் வாங்கினேன்.
துணியைத் தொட்டால் ஜிஎஸ்எம் சொல்லுகிற கை இது.
நூற்றெண்பது என்று எழுதி
நூற்றைம்பதைத் தைத்தால் விரலே சொல்லிவிடும்.
பேரறியாத கம்பெனி, வெறும் டப்பாக் கனம்.
எங்கள் லைனிலோ சாயங்காலமானால்
வோல்டேஜ் இறங்கி ஏறி இறங்கும்.
அதற்கு இரண்டு அம்பு.

"க்யூசி பாஸுங்க்கா, பாருங்" என்று காட்டினான்
பச்சை வட்ட ஸ்டிக்கர், மேலே
யாரோ சுழித்த கையெழுத்து.

அதை எனக்குத் தெரியும்.
ராத்திரி பதினொன்றேகாலுக்கு
தூத்துக்குடி கண்டெய்னர் வாசலில் உறும
பிரித்தே பார்க்காத அட்டைப்பெட்டிகள் மேல்
வரிசையாய் ஒட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.
என் கையெழுத்தும் அப்படித்தான் சுழியும்.
அவளோ, அவனோ, எந்த ஊரோ.
அங்கே அம்பு ஒட்டவில்லை.

"அரைமணி நேரம் ஓட்டிக் காட்டுங்க."
துப்பாக்கி ஆட்டத்தைத் திறந்தான்.
"அது வேண்டாமுங்க. லாரி ஆட்டம் இருக்கா?"

நான் சங்ககிரிக்காரி.
எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்கு ஒன்பது லாரி.
க்ளீனர் பையனுக்குக்கூட
என்றாவது ஒருநாள் ஸ்டீயரிங் கிடைத்தது.

பனி கொட்டும் மலைப்பாதை.
பதினெட்டுச் சக்கரம், இரும்புச் சுருள் லோடு.
இருபது நிமிசம் வழுக்கிக்கொண்டு போனது.
அப்புறம் பெட்டி ஓவர்லாக் மிஷினாய் அலற,
சூடு தொண்ணூற்று மூன்றைத் தொட,
வளைவில் படம் நின்று, நகர்ந்து, நின்று,
லாரியைப் பள்ளத்தில் விட்டேன்.
பையன் சிரித்தான்.
நான் கடைசி அம்பை ஒட்டினேன்.

டீ சொல்லிவிட்டு வந்த முதலாளி நல்லசிவம்
பெட்டி முழுக்கச் சிவப்பைப் பார்த்து நின்றார்.
"ஏனுங் அம்மிணி, இதென்னங், வேண்டுதலா?"
"ஆல்டருங்க. ரிஜெக்ட் இல்லை."

பவர் சப்ளை மாறியது. முன்முகம் வலையானது.
கேபிளை நானே பிரித்து நானே கட்டினேன்,
அவர் கடை ஸ்டூலில், ஒரு மணி நேரம்.
ரெண்டாயிரம் எச்சாக் கேட்டார்;
எண்ணூறில் நின்றது.

இப்போது ராயபுரத்து ஒற்றை அறையில்
கட்டில் காலடியில் இருக்கிறது பெட்டி.
நிற விளக்கை அணைத்துவிட்டேன்,
நாள் முழுக்க டியூப்லைட் பார்த்த கண்ணுக்கு ஆகவில்லை.
அம்புகளை உரித்தாயிற்று, ஒன்று தவிர.
காலி மெமரி இடத்தைக் காட்டிக்கொண்டு
அடுத்த தீபாவளி வரை நிற்கட்டும் அது.

ஞாயிறு. வெளியே குழாயடியில் குடம் உருள்கிறது.
வளைவுக்கு முன்பே
கியரை இறக்குகிறேன்.